கடைப் பெயர் உங்களுடையது... சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரு டொமைன் பெயர் சில மணி நேரம் முடங்கியதில் உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் தவித்துப்போன கதையும், அதிலிருந்து சங்கரன்கோவில் வியாபாரி முதல் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை தெரிந்துகொள்ள வேண்டியதும்!

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லியும் பிச்சியும் கேரளா வரை போகின்றன. ஊரின் இன்னொரு பக்கம் விசைத்தறிச் சத்தம். சேலை, துண்டு என்று நெய்தவை வெளியூர், வெளி மாநிலம் என்று கிளம்புகின்றன. கோமதி அம்மன் கோயிலுக்கு ஆடித்தபசு பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், சரக்கு எடுக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு சின்ன மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் கடையின் பில் புத்தகத்தில் தெருப் பெயர், பின்கோடு, போன் நம்பர் மட்டும்தான் இருக்கும். இப்போது அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்துவிட்டது. கடையின் பெயரிலேயே ஒரு வெப்சைட், அதே பெயரில் ஒரு மெயில் ஐ.டி. ஆர்டர் வருவது அதில், ஜி.எஸ்.டி. சம்பந்தமான தகவல் வருவது அதில், பேங்க்கிலிருந்து ஓ.டி.பி. வருவதும் சமயத்தில் அதில்தான்.

சரி, அந்த 'டாட் காம்' யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், ''அதெல்லாம் போட்டுக்கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும் அண்ணாச்சி!''

கடை இருக்கும் இடத்துக்குப் பத்திரம் எங்கே என்று கேட்டால் யாராவது இப்படிச் சொல்வார்களா? பீரோவைத் திறந்து காட்டிவிட மாட்டார்களா? ஆனால் இணையத்தில் இருக்கும் கடைக்கு மட்டும் 'தம்பிக்குத்தான் தெரியும்'. இதில் என்ன பெரிய ஆபத்து வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள், இதே தென்காசி மாவட்டத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்றொரு கிராமம். ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2011-ல் அங்கே ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் பிறந்து, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. மெயில், கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று ஒரு ஆபீஸுக்குத் தேவையான எல்லா மென்பொருள்களையும் இணையம் வழியாகவே கொடுப்பதுதான் அதன் தொழில். 2018-ல் அதற்கு 3 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்கள் இருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அமெரிக்காவில் வாரத்தின் முதல் வேலை நாள். மெயில் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஜோஹோ டாட் காம் திறக்கவில்லை. சர்வர் எரிந்துவிட்டதா? இல்லை. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? அதுவும் இல்லை. ஜோஹோவின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவை இருக்கும் இடத்துக்கு வழி சொல்ல வேண்டிய பெயர்ப் பலகை மட்டும் கழற்றப்பட்டிருந்தது.

கழற்றியது, அந்தப் பெயரைப் பதிவு செய்துவைத்திருந்த 'டியர்ராநெட்' என்ற அமெரிக்க நிறுவனம். காரணம், ஜோஹோவின் மெயில் சேவையை யாரோ சிலர் மோசடி மெயில் அனுப்பப் பயன்படுத்துகிறார்கள் என்று வந்த புகார்கள். ஜோஹோ தரப்பு சொன்ன கணக்குப்படி வந்த புகார்கள் மூன்று. அதில் இரண்டு கணக்குகளை உடனே முடக்கியாகிவிட்டது, மூன்றாவது விசாரணையில் இருந்தது. அந்த மூன்று புகார்களுக்காக 3 கோடிப் பேரின் வாசல் அடைபட்டது!

ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்டு எழுத வேண்டிய நிலை. சில மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு முடக்கம் நீங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் உடனே சரியாகிவிடவில்லை. 'உங்கள் போனில், கம்ப்யூட்டரில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று டி.என்.எஸ். அமைப்பை மாற்றிப் பாருங்கள்' என்று வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கையோடு தன் டொமைனை 'கிளவுட்ஃப்ளேர்' நிறுவனத்திடம் மாற்றிக்கொண்டது ஜோஹோ. இனி அடுத்தவரின் தானியங்கி முடிவுகளுக்குத் தங்கள் தலைவிதியை ஒப்படைக்கப்போவதில்லை, தாங்களே டொமைன் பதிவாளர் ஆகப்போகிறோம் என்றும் வேம்பு அறிவித்தார்.

ஆயிரக்கணக்கான இன்ஜினீயர்கள் இருக்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒற்றைக் கடைக்காரர் என்ன செய்வார்? அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பெயர்ப் பலகை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

627756 சொல்லும் ரகசியம்

சங்கரன்கோவிலின் பின்கோடு 627756. இதில் முதல் எண்ணான 6-ஐப் பார்த்ததும் தபால் தமிழ்நாடு, கேரளா பக்கம் என்று தெரிந்துவிடும். முதல் மூன்றும் சேர்ந்தால் திருநெல்வேலி வட்டாரம். கடைசி மூன்று எண்கள் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். அதற்குப் பிறகு தெருவையும் வீட்டையும் கண்டுபிடிப்பது தபால்காரரின் வேலை. இந்தியா முழுக்க உள்ள வீடுகளை எந்த ஒரு தபால்காரரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

டொமைன் பெயரும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் போனில் ஒரு வெப்சைட் பெயரைத் தட்டியதும், உங்கள் நெட்வொர்க் முதலில் 'டாட் காம் விவரம் யாரிடம் இருக்கிறது?' என்று விசாரிக்கிறது. டாட் காமின் பதிவேட்டை வைத்திருப்பவர் 'இந்தக் கடையின் விவரம் இன்ன இடத்தில் கிடைக்கும்' என்று ஒரு கம்ப்யூட்டரைக் கைகாட்டுகிறார். அந்தக் கம்ப்யூட்டரின் பெயர்தான் நேம்சர்வர். அதைக் கேட்டால், 'வெப்சைட் இந்த எண்ணில் இருக்கிறது, மெயில் வந்தால் அந்த எண்ணுக்கு அனுப்பு' என்று பதில் கிடைக்கும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு வந்தது 1983-ல். பால் மொகபெட்ரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி வடிவமைத்தார். அதற்கு முன்பு இணையத்தில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களை எல்லாம் ஒரே ஒரு ஃபைலில் எழுதி, கலிஃபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி மையத்திலிருந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு நோட்டில் உலகத்தின் முகவரி! கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக நோட்டு தாங்கவில்லை. அதனால்தான் பின்கோடு மாதிரி வேலையைப் பிரித்துக்கொடுத்தார்கள். உலகின் முதல் டாட் காம் பெயர், 1985 மார்ச் 15-ல் பதிவான 'சிம்பாலிக்ஸ் டாட் காம்'.

சொந்தம் அல்ல, வாடகைதான்!

பலருக்கும் தெரியாத விஷயம், டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஒரு வருடம் முதல் அதிகபட்சம் பத்து வருடங்கள் வரை வாடகைக்கு எடுக்கிறோம். அவ்வளவுதான். 'டாட் இன்' என்று முடியும் பெயர்களின் தலைமைப் பதிவேடு 'நிக்ஸி' என்ற இந்திய அமைப்பிடம் இருக்கிறது. தமிழிலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. இலங்கைக்கு '.இலங்கை', சிங்கப்பூருக்கு '.சிங்கப்பூர்'.

இந்தப் பதிவேட்டுக்கு நீங்கள் நேரடியாகப் போக முடியாது. இடையில் ரெஜிஸ்ட்ரார் என்று ஒரு நிறுவனம் இருக்கும். நாம் பணம் கட்டுவது அவர்களிடம். பல சமயம் அவர்களுக்குக் கீழே ஒரு ரீசெல்லர். அவருக்குக் கீழே நம்ம ஊரில் வெப்சைட் போட்டுக்கொடுக்கும் தம்பி. ஆக, கடைக்கும் பதிவேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று கைகள். இதில் எந்தக் கை நழுவினாலும் பெயர்ப் பலகை கீழே விழும். ஜோஹோ விஷயத்தில் நடந்தது அதுதான்.

இங்கே ரெஜிஸ்ட்ரார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மோசடிப் புகார் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. அப்படி எடுக்காவிட்டால், நம் அம்மா அப்பாவுக்கு 'உங்கள் பேங்க் அக்கவுன்ட் முடக்கப்பட்டது' என்று வரும் போலி லிங்க்குகளை யார்தான் தடுப்பது? ஆனால், ஒரு மாடி வீட்டில் ஒருவர் தப்பு செய்தால் அந்த ஆளைப் பிடிக்க வேண்டுமே தவிர, மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டுப் போடலாமா? அன்று எழுந்த கேள்வி இதுதான். ஜோஹோவும் தன் பக்கத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இலவசக் கணக்குகளுக்கும் மொபைல் நம்பர் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவது போன்ற கட்டுப்பாடுகளை அதன்பின் அறிவித்தது.

போன மெயில் எங்கே போகும்?

வெப்சைட் திறக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார். மெயில் விஷயம் அப்படியில்லை.

உங்கள் மெயில் சர்வர் மட்டும் கெட்டுப்போயிருந்தால் பெரிய பயம் இல்லை. அனுப்பியவரின் சர்வர் விடாமல் மீண்டும் மீண்டும் முயற்சி செய்யும். நான்கைந்து நாள்கள் வரை முயற்சி செய்வது வழக்கம். அதற்குள் சரிசெய்துவிட்டால் எல்லா மெயிலும் வந்து சேர்ந்துவிடும். தபால்காரர் வீடு பூட்டியிருக்கிறது என்று மறுநாள் திரும்பி வருவது மாதிரி.

ஆனால் டொமைன் பெயரே பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், 'அப்படி ஒரு பெயரே உலகத்தில் இல்லை' என்ற பதில் போகும். அப்போது காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது? மெயில் அந்த நிமிடமே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். ஆர்டர் கொடுக்க வந்தவர், 'கடையையே மூடிட்டாங்க போல' என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. ஒரு பெயரின் நேம்சர்வர் விவரத்தை இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதில்லை. ஒருமுறை கேட்டதைச் சில காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். டாட் காம் பெயர்களுக்கு இந்த நினைவு இரண்டு நாள்கள் வரை நீடிக்கலாம். இதனால்தான் ஒரு டொமைனில் கோளாறு வந்தால், ஒருவர் போனில் வெப்சைட் திறக்கும், பக்கத்தில் இருப்பவர் போனில் திறக்காது. சரிசெய்த பிறகும் இதே கூத்து கொஞ்ச நேரம் தொடரும். ஜோஹோ வாடிக்கையாளர்களை 8.8.8.8-க்கு மாறிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். பழைய பதிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளை விட்டுவிட்டு, புதிய பதில் தெரிந்த ஆளிடம் வழி கேட்பது!

மறந்துபோன 35 டாலர்

டொமைன் கைவிட்டுப் போக வெளியாள் யாரும் வர வேண்டியதில்லை. ஞாபக மறதி ஒன்றே போதும்.

பெங்களூருவில் வளர்ந்த சபீர் பாட்டியா, தன் நண்பர் ஜாக் ஸ்மித்துடன் சேர்ந்து 1996-ல் தொடங்கிய ஹாட்மெயிலை யாரும் மறந்திருக்க முடியாது. அதை மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு, 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் திடீரென்று பலரால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியவில்லை. ஹாட்மெயிலில் நுழைய 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற இன்னொரு டொமைன் வழியாகப் போக வேண்டும். அந்தப் பெயருக்கு வாடகை கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது! மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் இதைக் கண்டுபிடித்து, பண்டிகை நாளில் தன் சொந்த கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி உலகத்தின் மெயிலை ஓட வைத்தார். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர்கூட இல்லை.

அடுத்த கதை இன்னும் வேடிக்கை. 2015 செப்டம்பரில், குஜராத்தின் கட்ச் பகுதியைச் சேர்ந்த சன்மே வேத் என்ற இளைஞர், கூகுளின் டொமைன் விற்கும் பக்கத்தில் சும்மா தேடிக்கொண்டிருந்தார். 'கூகுள் டாட் காம்' விற்பனைக்கு இருப்பதாகக் காட்டியது. விலை 12 டாலர். கிளிக் செய்தார், வாங்கியும் விட்டார்! சுமார் ஒரு நிமிடம் அந்தப் பெயர் அவர் கணக்கில் இருந்தது. பிறகு கூகுள் அதை ரத்து செய்தது. தவறைக் காட்டிக்கொடுத்ததற்காக 6,006.13 டாலர் பரிசு அறிவித்தார்கள். அவர் அதைத் தர்ம காரியத்துக்குக் கொடுக்கச் சொன்னதும், தொகையை இரண்டு மடங்காக்கினார்கள். 6006.13 என்பதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஆங்கிலத்தில் 'கூகுள்' என்று எழுதியது போலத் தெரியும் என்பது கூடுதல் குறும்பு.

பெரிய நிறுவனங்களுக்கு நல்லவர்கள் கிடைத்தார்கள். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. காலாவதியாகும் பெயர்களைப் பிடிப்பதற்காகவே காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு.

நேம்சர்வரை மாற்றினால் போதும்

2013 ஆகஸ்ட் 27. அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் வெப்சைட் முடங்கியது. சிரியன் எலெக்ட்ரானிக் ஆர்மி என்ற ஹேக்கர் குழுவின் வேலை. அவர்கள் பத்திரிகை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் எதையும் தொடவில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்த அதன் ரெஜிஸ்ட்ராருக்குக் கீழே ஒரு ரீசெல்லர். அந்த ரீசெல்லரின் பாஸ்வேர்டைத் திருடி, உள்ளே நுழைந்து, நேம்சர்வர் பெயரை மட்டும் மாற்றினார்கள். வாசகர்கள் சரியான முகவரியைத் தட்டியும் வேறு இடத்துக்குப் போனார்கள். அன்று குறிவைக்கப்பட்ட பெயர்களில், தலைமைப் பதிவேட்டிலேயே கூடுதல் பூட்டுப் போட்டிருந்தவை தப்பித்தன.

நேம்சர்வர் கைமாறினால் வெப்சைட்டோடு முடிவதில்லை. உங்களுக்கு வரும் மெயிலையும் திசைதிருப்பலாம். மெயில் கைக்கு வந்துவிட்டால், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒவ்வொரு கணக்காகக் கேட்டு, வரும் லிங்க்கைக் கிளிக் செய்து எல்லாவற்றையும் திறந்துவிடலாம். வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரிலேயே, 'பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, பணத்தை இந்த நம்பருக்குப் போடுங்கள்' என்று மெயில் அனுப்பலாம். ஒரு சேலை வியாபாரிக்கு ஒரு சீசன் பணம் போய்விட இது போதாதா?

ஸ்பாமுக்குள் விழும் பில்

''மெயில் அனுப்பிட்டேனே, வரலையா?'' - ''ஸ்பாம்ல போய்ப் பாருங்க!'' இந்த உரையாடல் நடக்காத ஆபீஸ் இல்லை. டொமைன், நேம்சர்வர் எல்லாம் சரியாக இருந்தும் மெயில் போய்ச் சேராததற்குப் பெரும்பாலும் காரணம், நேம்சர்வரில் எழுதிவைக்க வேண்டிய மூன்று குறிப்புகள் இல்லாததுதான்.

முதலாவது, எஸ்.பி.எஃப். 'எங்கள் கடைப் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி' என்ற பட்டியல். இரண்டாவது, டீகிம். பழைய காலக் கடிதத்தில் அரக்கு முத்திரை வைப்பார்களே, அதுபோல ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசிய முத்திரை. வழியில் யாராவது திருத்தினால் முத்திரை உடைந்துவிடும். மூன்றாவது, டிமார்க். 'இந்தப் பட்டியலோடும் முத்திரையோடும் பொருந்தாத மெயில் எங்கள் பெயரில் வந்தால், இன்னது செய்யுங்கள்' என்று பெறுபவருக்கு நாம் சொல்லிவைக்கும் கட்டளை.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பாமுக்குப் போகலாம், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். நேம்சர்வரை மாற்றும்போது இந்தக் குறிப்புகளைப் புதிய இடத்தில் எழுத மறப்பது பலர் செய்யும் தவறு. வெப்சைட் பளபளவென்று திறக்கும், மெயில் மட்டும் போகாது!

பெயருக்குச் சட்டம் துணை நிற்குமா?

நிற்கும். அதற்கு வழி காட்டிய வழக்கு ஒன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்துடையது. 'சத்யம் இன்ஃபோவே' என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனம், 'சிஃபி' என்று ஆரம்பிக்கும் பல டொமைன்களை 1999-ல் பதிவு செய்தது. பிறகு இன்னொரு நிறுவனம் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில், ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுப் பெயர் பதிவு செய்துகொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டும் அல்ல, வியாபாரத்தின் அடையாளம், வணிகச் சின்னத்தைப் போலவே அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சிஃபிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. டாட் இன் பெயர்களுக்கு என்றே நிக்ஸியின் ஏற்பாட்டில் தனியாகத் தகராறு தீர்க்கும் முறையும் இருக்கிறது.

ஆனால் கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பதைவிட, பெயரைத் தொலைக்காமல் வைத்திருப்பது சுலபம். செலவும் குறைவு.

கடைக்காரர்களுக்கு ஏழு விஷயங்கள்

1. டொமைன் உங்கள் பெயரில் அல்லது கடையின் பெயரில் பதிவாக வேண்டும். வெப்சைட் செய்துகொடுப்பவர் வேலையைப் பார்க்கட்டும், உரிமையாளர் நீங்களாக இருங்கள். யார் பெயரில் என்ற விவரம் வெளியில் தேடினால் பெரும்பாலும் மறைத்தே காட்டப்படும். அதனால் ரெஜிஸ்ட்ராரின் கணக்குக்குள்ளேயே போய்ப் பாருங்கள்.

2. ரெஜிஸ்ட்ரார் யார், லாகின் ஐ.டி. என்ன என்பதை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அது தெரிய வேண்டும். 'அப்பாவுக்குத்தான் தெரியும்' என்ற நிலை, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாத நாளில் வீட்டையே அலைக்கழிக்கும்.

3. ரெஜிஸ்ட்ராரிடம் தொடர்புக்கு, அதே டொமைனில் இருக்கும் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் முடங்கினால் அந்த மெயிலும் முடங்கும். எச்சரிக்கை எங்கே வரும்? பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதைதான்.

4. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதி ஆவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. தவறினால், ரெஜிஸ்ட்ரார் கொடுக்கும் சலுகை நாள்கள் முடிந்தபின், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள்கள். அதற்குப் பிறகு ஐந்து நாள். அதன்பின் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். ஆனால் காலாவதியான உடனேயே வெப்சைட்டும் மெயிலும் நின்றுபோகலாம் என்பதை மறக்காதீர்கள்.

5. கணக்குக்கு இரட்டைப் பாதுகாப்புப் போடுங்கள். பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கும்படி வைத்தால், பாஸ்வேர்டு திருடுபோனாலும் உள்ளே நுழைவது கடினம். டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதபடி ஒரு 'லாக்' வசதி இருக்கும். அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

6. நேம்சர்வரில் இருக்கும் எல்லாக் குறிப்புகளையும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போதும். மாற்றம் செய்யும்போது எதுவும் விடுபடாது.

7. மொத்த மெயிலையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முக்கிய வாடிக்கையாளர்களின் போன் நம்பர், ஆர்டர் விவரம் தனியாக ஒரு பிரதி இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று

நமக்கு டொமைன் எதுவும் இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு லிங்க் வந்தால் அதை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான பெயர். அதற்கு இடதுபுறம் உங்கள் பேங்க்கின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

இதற்காகவே ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு செய்தது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவுப் பெயர் வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். மோசடிக்காரர் கடையில் வாங்க முடியாது. வயதான அம்மா அப்பாவுக்கு இதை ஒருமுறை போனிலேயே காட்டிக்கொடுத்துவிட்டால், அடுத்தமுறை போலி லிங்க் வரும்போது அவர்களே நிதானிப்பார்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு மனை வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பத்திரத்தில் தன் பெயர், அப்பா பெயர், நான்கு எல்லை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாசிப்பார். வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஆர்டரும் பில்லும் பேங்க் தகவலும் வந்து சேரும் அந்த இணைய முகவரிக்கும் இதே அக்கறை போதும். இன்று மாலை கடையை அடைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, வெப்சைட் போட்டுக்கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு, ''ஏல தம்பி, நம்ம டாட் காம் யார் பேர்ல இருக்கு? என்னைக்கு முடியுது?'' என்று கேட்டுவிடுங்கள். அவரும் அதைச் சரிபார்த்து ரொம்ப நாள் ஆகியிருக்கலாம்!